பலகை கேட்பது எடையை

கோடை விடுமுறை என்றால் குற்றாலத்துக்கோ கொடைக்கானலுக்கோ போய்வருவதோடு திருப்தியடைந்திருந்த நம் சங்கரன்கோவில் குடும்பங்கள், சில வருஷங்களாகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு, முன்பணம் கட்டி, காஷ்மீர் வரையில் போய்ப் பனியில் கால் வைத்துவிட்டுத் திரும்புகின்றன என்பது ஊரறிந்த விஷயம். விசைத்தறி வைத்திருப்பவர்களும் ஜவுளிக்கடைக்காரர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அடங்கிய அப்படிப்பட்ட கூட்டம் ஒன்று சென்ற மாசி மாதத்தில் குல்மார்க்குக்குப் போயிற்று. அதில், ஐந்தரை அடி உயரமும் 90 கிலோவுக்குக் குறையாத தேகமும் உடைய தறி முதலாளி ஒருவரும், உயரத்தில் அவருக்குச் சமமாகவும் எடையில் அவரில் பாதியைச் சற்றே தாண்டியவனாகவும் உள்ள அவருடைய தங்கை மகனும் இருந்தார்கள். பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடைக்காரர் இருவரையும் உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்து, காலின் அளவை மட்டும் கேட்டுக்கொண்டு, ஒரே நீளமுள்ள ஒரே மாதிரியான இரண்டு ஜோடிகளை எடுத்து நீட்டினார். இரவில் பெய்திருந்த புதுப்பனியில் மாமா நின்ற இடத்திலேயே இறங்கிப்போனார். மருமகனோ, எவ்வளவு சாய்ந்தும் நெளிந்தும் திரும்பாத பலகையின் மேல் நேர்கோட்டில் போய், எல்லை வேலிக்குக் கட்டியிருந்த வலையில் மாட்டிக்கொண்டு நின்றான். ஒருவர் தம் உடம்பை நொந்துகொண்டார். மற்றவன் தனக்குத் தைரியம் போதாது என்று முடிவு கட்டினான். என் அபிப்பிராயத்தில் இருவர்மீதும் குற்றமில்லை. அவர்களை நிறுத்துப் பார்க்காமல் நிமிர்ந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்ட அந்தப் பார்வைதான் குற்றவாளி.

பனியையே அறியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உனக்கு என்ன அருகதை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பனியின் மேல் ஒரு பலகை செய்கிற காரியம் எதுவும் இயற்கையின் பொது விதிகளுக்குப் புறம்பானது அன்று. பாரம், பரப்பு, வளைவு என்ற மூன்றையும் அறிந்தவன் அதை எந்த ஊரில் இருந்துகொண்டும் யோசித்துப் பார்க்கலாம். தவிரவும், ஓர் உபகரணத்தைக் கையாளுபவனுடைய சரீரத்துக்கு ஏற்ப அமைத்துத் தராமல், எல்லோருக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அது சரிப்படாதபோது பழியை ஆளின்மேல் போடுகிற வழக்கம் பனிமலைக்கு மட்டும் சொந்தமானதாகவும் இல்லை.

பலகையின் நீளத்தை ஆளின் உயரத்தை வைத்து நிர்ணயிக்கும் வழக்கம் பழையது. வடதேசங்களில் கையை மேலே தூக்கி, மணிக்கட்டு எட்டும் அளவுக்குப் பலகை இருந்தால் போதும் என்பார்கள்; மலைச்சரிவில் இறங்குவோருக்கோ, மோவாய்க்கும் நெற்றிக்கும் இடைப்பட்ட நீளம் என்பது கணக்கு. இந்தக் கணக்குகள் நெடுங்காலம் நிலைத்ததற்குக் காரணம் அவை மெய்யாக இருந்தமை அன்று, சௌகரியமாக இருந்தமையே. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது; எடை ஆடைக்குள்ளும் எலும்புக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. உயரத்தைப் பார்த்து எடையை ஊகித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், உயரம் ஏறுவதற்கும் எடை ஏறுவதற்கும் உள்ள விகித பேதத்தைக் கவனிப்பதில்லை. ஒரே உடலமைப்பைக் கொண்ட இருவரில் ஒருவர் மற்றவரைவிட நூற்றுக்குப் பத்துப் பங்கு உயரம் கூடியவராக இருந்தால், நீளம், அகலம், கனம் மூன்றிலும் அந்தப் பத்துப் பங்கு கூடுவதால், எடையில் ஏறக்குறைய முப்பத்துமூன்று பங்கு கூடிவிடுகிறது. இது 1638-ல் கலீலியோ தம் கடைசி நூலில் எலும்புகளை முன்னிட்டு விவரித்த விஷயம். உடலமைப்பே வேறுபட்டுவிட்டாலோ, நம் மாமாவும் மருமகனும் போல, உயரத்தில் ஓர் அங்குலமும் பேதமின்றி எடையில் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. பலகைக்கு ஆளின் உயரம் தெரியாது. அதன்மேல் இறங்குகிற பாரம் ஒன்றுதான் தெரியும்.

ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் விடாமல் ஊற்றிவிட்டு மழை ஓய்ந்த பிறகு, இங்கிருந்து கழுகுமலைப் பக்கம் போகிற கரிசல் காடுகளில் இறங்கி நடந்தவர்களுக்கு, இந்தப் பாரத்தின் சங்கதியை விளக்க வேண்டியதில்லை. அந்த மண்ணில் இரும்புப் பட்டா போட்ட பழைய கட்டை வண்டி அச்சு வரையில் இறங்கிப்போய், இரண்டு ஜோடி மாடு பூட்டினாலும் அசைய மறுக்கும். அதே பாரத்தை ஏற்றிய டயர் வண்டி, சக்கரம் அகன்றிருக்கிற ஒரே காரணத்தால், தடம் பதித்துக்கொண்டேயாவது கரையேறிவிடும். புதுப்பனி அந்தக் கரிசலைப் போன்றது. பாரத்தைத் தாங்குமா தாங்காதா என்பதை, பாரம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு பரப்பில் பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 170 சென்டிமீட்டர் நீளமும் சராசரி 9 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பலகையின் பரப்பு 1,530 சதுர சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து 3,060. அதன்மேல் 60 கிலோ மனிதர் ஒருவர் நின்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 20 கிராம் அளவுக்கே பாரம் விழுகிறது. அவரே சாதாரணச் செருப்போடு பனியில் நின்றால், ஒரு பாதத்தின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டாலும், 150 கிராம் விழும். எனவேதான் செருப்புக் கால் புதைகிற இடத்தில் பலகை புதைவதில்லை. இப்போது அதே பலகைமேல் 90 கிலோ மனிதரை ஏற்றுங்கள். 20 கிராம் 29-க்கு மேல் போய்விடுகிறது. அவரையும் 20 கிராமுக்கே கொண்டுவர வேண்டுமானால் பரப்பை ஒன்றரை மடங்கு ஆக்கவேண்டும். அகலத்தை மாற்றாமல் நீளத்தை மட்டும் கூட்டினால் பலகை 255 சென்டிமீட்டருக்குப் போய்விடும், அவ்வளவு நீளத்தைக் காலில் கட்டிக்கொண்டு மனிதன் திரும்பவும் முடியாது, விழுந்தால் எழுந்திருக்கவும் முடியாது. ஆகையினால்தான் ஆழ்ந்த புதுப்பனிக்கென்று செய்யும் பலகைகளைக் காலடியில் 10 சென்டிமீட்டருக்கு மேலும் அகலப்படுத்துகிறார்கள். அவற்றிலும், கனத்த தேகம் உடையவர் நீளம் கூடியதையும் இலேசான தேகம் உடையவர் குறைந்ததையும் எடுத்துக்கொள்வது உசிதம். ஓட்டத்தின் வேகமும் பலகையைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும் என்பது மெய்தான். ஆனால் வேகம் எடுப்பதற்கு முன்பே புதைந்துபோனவருக்கு அந்தச் சகாயத்தால் என்ன பிரயோஜனம்?

பரப்பைக் காட்டிலும் சூட்சுமமானது வளைவு. ஒரு நல்ல பலகையைச் சமதரையில் வைத்து, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், முனைப்பக்கமும் வால்பக்கமும் தரையைத் தொட்டிருக்க, நடுப்பகுதி சற்றே மேலெழுந்து வில்லாக நிற்பது தெரியும். ஆள் ஏறி நிற்கும்போது அந்த வில் அமிழ்கிறது. எவ்வளவு அமிழவேண்டும் என்பதிலேதான் பலகையின் ஜாதகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சமவெளிப் பனியில் நடையும் வழுக்கலுமாகப் போகும் பழைய முறைப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில், காலுக்கு நேர்கீழே உள்ள பகுதியில், பனியைப் பற்றிக்கொள்ளும் ஒருவகை மெழுகைப் பூசுகிறார்கள். ஒரு காலில் முழுப் பாரத்தையும் ஊன்றி உந்தும்போது அந்தப் பகுதி பனியை அழுத்திப் பற்றவேண்டும். இரண்டு காலிலும் பாரம் பங்கிட்டு வழுக்கும்போது அது பனியைத் தொடாமல் எழும்பி நிற்கவேண்டும். ஒரே பலகை பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும்; இந்த இரண்டையும் அதற்குச் சொல்லிக்கொடுப்பது ஆளின் எடை ஒன்றே.

இதைச் சோதிக்க அங்கே உள்ளவர்கள் கையாளும் முறை மிக எளியது. எனக்கு மிகவும் பிடித்ததும் கூட. கடையின் சமதரையில் இரண்டு பலகைகளையும் வைத்து, வாங்க வந்தவரை அவற்றின்மேல் இரண்டு காலிலும் சமமாக நிற்கச் சொல்கிறார்கள். ஒரு காகிதத்தாளைப் பலகையின் அடியில், பாதத்துக்கு நேராகச் செருகி, முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கிறார்கள்; தாள் தடையில்லாமல் ஓடவேண்டும். பிறகு அவரை ஒரே காலில் முழுப் பாரத்தையும் ஊன்றச் சொல்லுகிறார்கள். இப்போது தாள் அசையாமல் பிடிபட வேண்டும். இரண்டு காலில் நிற்கும்போதே தாள் பிடிபட்டால், பலகை அவருக்கு மிகவும் இளகியது. வழுக்கும் நேரமெல்லாம் மெழுகு பனியில் உரசி அவரை இழுத்துப் பிடிக்கும். ஒரு காலில் ஊன்றியும் தாள் ஓடினால், பலகை மிகவும் விறைத்தது. மேட்டில் ஏறும்போது பற்றுக் கிடைக்காமல் அவர் பின்னுக்கு வழுக்கிக்கொண்டே இருப்பார். ஒரு காகிதத்தின் கனம் தீர்மானிக்கிற இந்தப் பரீட்சையில் உயரத்துக்கு இடமே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் எடை ஒன்றானால், தாளும் ஒன்றேபோலத்தான் நடந்துகொள்ளும்.

மலைச்சரிவில் இறங்கும் பலகையின் விஷயம் இதிலிருந்து சற்று வேறுபட்டாலும் தத்துவம் ஒன்றுதான். அதன் இடுப்பு ஒடுங்கியும் இரு முனைகளும் அகன்றும் இருப்பதால், அதைப் பக்கவாட்டில் சாய்த்து அழுத்தும்போது அது வில்லாக வளைந்து, வளைந்த கோட்டிலேயே பனியை அறுத்துக்கொண்டு திரும்புகிறது. வளைப்பதற்கு வேண்டிய சக்தியை வழங்குவது ஆளின் எடையும் அவருடைய வேகமும். எடை குறைந்தவர் விறைத்த பலகையில் ஏறினால், அது வளைய மறுத்து, விட்ட திசையிலேயே ஓடும். மருமகன் வலையில் விழுந்ததன் இரகசியம் இதுதான். எடை மிகுந்தவர் இளகிய பலகையில் ஏறினால், தேவைக்கு மேல் வளைந்து, வேகம் கூடும்போது முனைகள் படபடவென்று அடித்துக்கொண்டு, கெட்டிப்பனியில் விளிம்பு பிடிமானம் இழக்கும். பந்தய விதிகளிலும் நீளத்துக்கும் விறைப்புக்கும் உள்ள பேதத்தைப் பார்க்கலாம். நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தில் ஆடவர் பலகைக்குக் குறைந்தபட்ச நீளம் 165 சென்டிமீட்டர், பெண்டிர் பலகைக்கு 155 என்றும், கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும் ஜெயண்ட் ஸ்லாலம் பந்தயத்தில் ஆடவர் பலகைக்கு 193 என்றும் சர்வதேச விதி ஆளைப் பார்க்காமல் நீளத்தைக் கட்டிவிடுகிறது. அந்த நீளத்துக்குள் எவ்வளவு விறைப்பு, எவ்வளவு நெகிழ்ச்சி என்பதைத் தம் எடைக்கும் பலத்துக்கும் தக்கபடி வீரர் தேர்ந்துகொள்கிறார். 2022-ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் தனி ஒருவராகக் கலந்துகொண்டு, ஜெயண்ட் ஸ்லாலத்தில் 45-ஆவது இடம் பெற்ற ஆரிஃப் கானின் தகப்பனார், குல்மார்க்கில் பனிச்சறுக்கு உபகரணக் கடை வைத்திருந்தவர். பலகைகளுக்கு நடுவிலேயே வளர்ந்த பிள்ளை பந்தயத்துக்குப் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

குழந்தைகளின் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு விசேஷமான புத்தி உண்டு. பள்ளிக்கூடச் சீருடையாகட்டும், செருப்பாகட்டும், வளருகிற பிள்ளை என்று சொல்லி, ஓர் அளவு பெரிதாகவே வாங்கிவிடுவோம். சட்டை தொளதொளத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பனிச்சறுக்குப் பலகையை அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று வாங்கிக் கொடுப்பது, பிள்ளைக்குத் துரோகம் செய்வதற்குச் சமானம். 30 கிலோ எடையுள்ள குழந்தையால் பெரியவருக்கென்று செய்த பலகையை வளைக்கவே முடியாது. வளைக்க முடியாததால் திருப்ப முடியாது. திருப்ப முடியாததால் நிறுத்த முடியாது. அதன்பிறகு மிஞ்சுவது பயம் ஒன்றுதான். முதல் நாளிலேயே பயந்துபோன குழந்தை மறுநாள் பனிப்பக்கம் திரும்பாததற்குக் குழந்தையின் சுபாவத்தைக் காரணம் காட்டுவது எவ்வளவு அநியாயம்! ஆடவர் எடைக்குச் செய்த பலகையையே கொடுத்து, பெண்களுக்கும் நெடுநாள் இந்த அநியாயம்தான் இழைக்கப்பட்டு வந்தது.

இதுவரை சொன்னது சௌகரியத்தைப் பற்றியது. இனிச் சொல்லப்போவது எலும்பைப் பற்றியது; வாடகைக் கடைக்காரர்கள் வேறு எதைக் காதில் வாங்காவிட்டாலும் இதை வாங்கியாக வேண்டும். காலணியையும் பலகையையும் சேர்த்துப் பூட்டுகிற ஓர் இயந்திரப் பூட்டு உண்டு. ஓடும்போது அது விடாமல் பிடித்திருக்க வேண்டும்; விழும்போது, முழங்காலோ கணைக்காலோ முறுக்கிக்கொள்வதற்கு முன்னால், அது தானாகவே விட்டுவிட வேண்டும். எவ்வளவு முறுக்கலில் விடவேண்டும் என்பதைத் திருகிவைக்க, பூட்டின்மேல் எண்கள் பொறித்த ஒரு சிறு ஜன்னல் இருக்கிறது. அந்த எண்ணை நிர்ணயிப்பதற்குச் சர்வதேசத் தர அட்டவணை ஒன்று உண்டு. அதில் முதலாவதாகப் பார்க்கவேண்டியது எடை, பிறகு உயரம், பிறகு வயது, காலணியின் அடிநீளம், நிதானமாகப் போகிறவரா துணிந்து பாய்கிறவரா என்பது. எடை ஒரு வரிசையையும் உயரம் வேறு வரிசையையும் காட்டினால், இரண்டில் இளகியதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதை எட்டியவர்களுக்கும், ஒன்பது வயதைத் தாண்டாத குழந்தைகளுக்கும் மேலும் ஒரு படி இளக்க வேண்டும். இந்த ஒழுங்கில் முதல் கேள்வியையே கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? காலையில் 90 கிலோக்காரர் ஓட்டிய பலகையைப் பிற்பகலில் 50 கிலோக்காரரிடம் திருகாமல் கொடுத்தால், அவர் விழும்போது பூட்டு விடாது, கால்தான் விட்டுக்கொடுக்கும். மாறாக, இலேசானவருக்கு வைத்த பூட்டைக் கனத்தவரிடம் கொடுத்தால், ஓட்டத்தின் நடுவில் காரணமில்லாமல் பலகை கழன்றுகொண்டு, அவர் தலைகீழாகப் போவார். காலின் அளவைக் கேட்டுக் காலணி கொடுக்கத் தெரிந்தவருக்கு, எடையைக் கேட்டு ஒரு திருப்புளியைத் திருப்பத் தெரியாது என்று நான் நம்பவில்லை. கேட்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

எடைக்கும் பலகைக்கும் உள்ள சம்பந்தத்தைச் சட்டமாகவே எழுதிவிட்ட விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. அதன் கதை சற்று விபரீதமானது. உயர்ந்த சறுக்குமேடையிலிருந்து பாய்ந்து, காற்றில் மிதந்து, எவ்வளவு தூரத்தில் இறங்குகிறார் என்று போட்டியிடும் பனிச்சறுக்குத் தாண்டலில், இலேசான உடம்பு அதிக தூரம் மிதக்கிறது; நீண்ட பலகை இறக்கையாகி இன்னும் தூரம் கொண்டுபோகிறது. இதை அறிந்துகொண்ட இளைஞர்கள் உண்ணாமல் மெலிந்து, எலும்பும் தோலுமாக மேடையேறத் தொடங்கினார்கள். உபதேசத்தால் இதை நிறுத்த முடியாது என்று கண்ட சர்வதேச சம்மேளனம், 2004-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து ஒரு யுக்தியைக் கையாண்டது. உயரத்துக்குத் தக்க எடை இருப்பவர்தான் விதிக்குட்பட்ட முழு நீளப் பலகையை, அதாவது இப்போதைய கணக்கில் உயரத்தில் 145 சதவீதம் வரையில், கட்டிக்கொள்ளலாம். எடை குறையக் குறையப் பலகையையும் குறைத்தாக வேண்டும். பட்டினியால் கிடைத்த ஆதாயத்தைப் பலகையிலிருந்து அறுத்து எடுத்துவிடுகிற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன். வீரருக்கு அறிவுரை கூறிக்கொண்டிராமல், தராசையும் அளவுகோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்; மற்றதை அவையிரண்டும் பார்த்துக்கொள்கின்றன.

இந்தியாவில் பனிச்சறுக்குக் கலை நேற்று வந்ததன்று. 1927-லேயே குல்மார்க்கில் ஆங்கிலேய அதிகாரிகள் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தார்கள். 1948 டிசம்பரில், காஷ்மீர்ப் போர் ஓயும் தறுவாயில், பத்தொன்பதாவது காலாட்படை டிவிஷனுக்குத் தலைமை வகித்த கே. எஸ். திம்மய்யாவின் முயற்சியால் அங்கே படைவீரர்களுக்கென்று பனிச்சறுக்குப் பள்ளி ஏற்பட்டது. அதுதான் 1962-ல் உயர்மலைப் போர்ப் பள்ளியாகப் பெயர் பெற்றது. குடகு நாட்டில் பிறந்த ஒரு தென்னாட்டுத் தளபதி இமயத்துப் பனிக்கு இப்படியொரு பள்ளியைத் தேடிக்கொடுத்தார் என்பதை, பனி என்றால் வடக்கத்தியார் சமாசாரம் என்று ஒதுக்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1964-ல் இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி இந்தியாவின் சார்பில் முதன்முதலாகச் சறுக்கினார். 1988-ல் கால்கரியில் ஷைலஜா குமார் பனி ஒலிம்பிக்கில் கால் வைத்த முதல் இந்தியப் பெண்மணியானார். நம் தென்காசி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து, வடக்கெல்லைப் பனியில் காவல் நின்று திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கிராமத்து டீக்கடையில் விசாரித்தாலும் சொல்வார்கள்.

அந்தப் படைவீரர்களுடைய நிலைமை இன்னொரு நுட்பத்தையும் விளக்குகிறது. 65 கிலோ எடையுள்ள ஒரு வீரர் முதுகில் 25 கிலோ மூட்டையைச் சுமந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பனிக்கும் பலகைக்கும் அவர் 90 கிலோ மனிதர். ஆகவே பலகையின் பரப்பையும் விறைப்பையும் 90-க்கே பார்க்கவேண்டும். ஆனால் அவருடைய கணைக்கால் எலும்பு 65 கிலோ மனிதனுடைய எலும்புதான். மூட்டையைத் தூக்கினதால் அது தடித்துவிடவில்லை. எனவே பூட்டின் எண்ணை உடம்பின் எடைக்கே வைக்கவேண்டும். குழந்தைகளின் சாமான்கள் உட்பட குடும்பத்தின் மூட்டை முழுவதையும் முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கத் துணியும் நம் யாத்திரிகர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். அவர்கள் மூட்டையைக் கீழேயே வைத்துவிட்டுப் போனால் இன்னும் உத்தமம்.

எடையே எல்லாம் என்று நான் வாதிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்கம் இல்லாதவருக்குச் சற்றுக் குட்டையான, இளகிய பலகை நல்லது. கைதேர்ந்தவர் அதே எடையில் நீண்டதையும் விறைத்ததையும் கேட்பார். உறைந்து கெட்டித்த பனிக்கு ஒடுக்கமும், ஆழ்ந்த புதுப்பனிக்கு அகலமும் வேண்டும். வேகத்தில் மோகம் உள்ளவருக்கு ஒன்று, மரங்களிடையே வளைந்து நெளிந்து போக ஆசைப்படுகிறவருக்கு வேறொன்று. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை யாவும் எடை என்ற ஆதாரத்தின்மேல் கூட்டவும் கழிக்கவும் வேண்டிய திருத்தங்களே ஒழிய, எடையைக் கேட்காமல் விட்டுவிடுவதற்கு முகாந்தரங்கள் ஆகா. முதல் முறையாகப் பனியைப் பார்க்கிறவரிடம் உங்களுக்கு எந்த நடை பிடிக்கும் என்று கேட்டால் அவர் விழிப்பார். எத்தனை கிலோ என்று கேட்டால், கோபித்துக்கொண்டாவது பதில் சொல்வார்.

கோபித்துக்கொள்வார் என்பதில்தான் நம்முடைய பங்கும் இருக்கிறது. நம் ஊர்ப் பூச்சந்தையில் விடியற்காலையில் மல்லிகையும் பிச்சியும் கிராம் கணக்கில் தராசில் ஏறி இறங்குகின்றன. தராசு முள் ஒரு நூல் சாய்ந்தால் வியாபாரிக்கும் விவசாயிக்கும் வாய்ச்சண்டை வந்துவிடுகிறது. நூல் கண்டு, பருத்தி, மிளகாய் எல்லாவற்றுக்கும் நாம் எடையைக் கேட்போம். மனிதனுடைய எடையை மட்டும் கேட்கக்கூடாத கேள்வியாக்கி வைத்திருக்கிறோம். கனத்தவரைக் கண்டால் நம் ஊர் பிரியாணியின் பெருமையைப் பேசிச் சிரிப்பது, மெலிந்தவரைக் கண்டால் வீட்டில் சோறு போடுகிறதில்லையா என்று விசாரிப்பது, இந்த இரண்டுக்கும் நடுவில் எடை என்பது வெறும் ஓர் அளவு என்ற ஞாபகமே நமக்கு அற்றுப்போயிற்று. வைத்தியர் குழந்தையை நிறுத்துப் பார்த்துத்தான் மருந்தின் அளவை எழுதுகிறார். அதில் யாரும் மானக்கேடு காண்பதில்லை. பலகை கொடுப்பவர் நிறுத்துப் பார்ப்பதிலும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கடைக்காரர் கேட்கத் தயங்குகிறார், வந்தவர் சொல்ல வெட்கப்படுகிறார், சொன்னாலும் பத்துக் கிலோவைக் குறைத்துச் சொல்கிறார். கடைசியில் பூட்டின் ஜன்னலில் ஒரு பொய் எண் உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே, குல்மார்க்கிலும் ஔலியிலும் மணாலியிலும் பலகை வாடகைக்கு விடும் ஒவ்வொரு கடையிலும் ஒரு தராசும், சுவரில் எடைவாரியான அட்டவணை ஒன்றும் இருந்தாக வேண்டும் என்றும், அவையின்றி உரிமம் புதுப்பிக்கப்படாது என்றும் அந்தந்த ராஜாங்கங்கள் ஓர் உத்தரவு போடுவது அவசியம் என்று கருதுகிறேன். பெருஞ்செலவு ஒன்றும் இதில் இல்லை; ஒரு ஜோடி நல்ல பலகையின் விலைக்குப் பத்துக்கு மேல் தராசு வாங்கலாம். இங்கிருந்து கூட்டம் சேர்த்து அழைத்துப் போகும் ஏற்பாட்டாளர்களும், ஆதார் எண்ணும் ஆகாரப் பிரியமும் கேட்டு எழுதிக்கொள்கிற அதே தாளில், ஒவ்வொருவருடைய எடைக்கும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாம். உத்தரவு வரும் வரையில், போகிறவர்கள் புறப்படுவதற்கு முந்திய வாரம் பக்கத்து மருந்துக்கடைத் தராசில் ஏறி, இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளட்டும்: பூட்டுக்குச் சொல்வதற்கு உடம்பின் எடை மட்டும், பலகைக்குச் சொல்வதற்கு, காஷ்மீரில் மேலே போட்டுக்கொள்ளப்போகிற கம்பளி அங்கி, மூட்டை எல்லாம் சேர்த்து. கடைக்காரர் கேட்காவிட்டாலும் இரண்டையும் சொல்லி, பூட்டின் ஜன்னலில் உள்ள எண்ணைத் தம் கண்முன்னால் அவர் திருகி மாற்றும் வரையில் காலை உள்ளே வைக்காமல் இருக்கட்டும்.